சரளை பிறகு, முதலில் தண்ணீருக்கு வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மண் சாலைகளைப் பற்றி வரும் வாசகர் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கோரிக்கையில்தான் முடிகின்றன: "சரளை கொட்டுங்கள்." கொரோனா காலத்தில் நின்றுபோன பராமரிப்பு மறுபடி தொடங்கிய இடங்களில் நிர்வாகங்களும் அதையேதான் செய்கின்றன. வந்த பணத்தை டிப்பரில் ஏற்றி, பள்ளம் கண்ட இடத்தில் கொட்டி, மேலே ரோலரை ஓட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த மழைக்கு அந்தச் சரளை பக்கக் கால்வாயில் கிடக்கிறது. சரளையின் மேல் குற்றம் இல்லை, வேலையின் வரிசைதான் தவறு. மண் சாலைப் பராமரிப்பில் இருப்பவர்கள் என்ற முறையில், இடைவெளி விழுந்துபோன ஒரு பராமரிப்புத் திட்டத்தை எதிலிருந்து தொடங்கி மீட்பது என்று எழுத நினைத்தோம்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதன்பின் குவாரிகள் மூடின, கூலி ஆட்கள் ஊர் திரும்பினார்கள், சாலையைப் பிளேடால் சீவி வாட்டம் வைக்கும் இயந்திரமான கிரேடருக்கு வர வேண்டிய உதிரி பாகம் வழியில் மாட்டிக்கொண்டது, சாலைக்கென்று வைத்திருந்த பணம் மருத்துவத்துக்குப் போனது. அது நியாயமும்கூட. ஆனால் தார்ச் சாலையும் மண் சாலையும் இடைவெளியை ஒரே மாதிரி தாங்குவதில்லை. தார்ச் சாலையை ஓராண்டு விட்டால் வெடிப்பு கொஞ்சம் அகலமாகும். மண் சாலையை இரண்டு மழைக்காலம் விட்டால் அது சாலையாகவே இருக்காது, ஓடையாகிவிடும்.

எப்படி என்று பார்க்க வேண்டுமானால் நல்ல மழையில் குடையோடு ஒரு கிலோமீட்டர் நடந்தால் போதும். சரியான மண் சாலையில் நடு மேடாகவும் இரு பக்கமும் வாட்டமாகவும் இருக்கும்; தண்ணீர் நடுவிலிருந்து இறங்கி ஓரத்துக்குப் போய்க் கால்வாயில் விழும். கவனிப்பு நின்ற சாலையில் சக்கரங்கள் சரளையை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி அங்கே ஒரு சாண் அகலத்துக்கு வரப்பு கட்டிவிடும். அந்த வரப்பில் புல் முளைக்கும். புல் வேர் மண்ணைப் பிடிக்கும், அடுத்த தூசியையும் பிடிக்கும். இரண்டாவது ஆண்டில் அது கால்வாய்க்கும் சாலைக்கும் நடுவே கட்டிய கரை போல நிற்கும். கால்வாய் காலியாகக் கிடக்க, தண்ணீர் முழுவதும் சாலையின் மேலேயே வண்டித்தடம் பிடித்து ஓடும். அந்தச் சாலையின் மேல் எத்தனை டிப்பர் சரளை கொட்டினாலும் ஓடும் தண்ணீருக்குள் கொட்டுகிறோம் என்றுதான் அர்த்தம்.

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. அதை மழையிலோ மழை விட்ட ஒரு மணி நேரத்திலோ செய்ய வேண்டும். காய்ந்த நாளில் காரில் போய் எடுக்கும் கணக்கில் பள்ளங்களின் எண்ணிக்கை இருக்கும், காரணம் இருக்காது. கருவி அதிகம் தேவையில்லை. 2 மீட்டர் நேரான சட்டம் ஒன்று, ரசமட்டம் ஒன்று, டேப் ஒன்று. சட்டத்தின் ஒரு முனையைச் சாலையின் நடுவில் வைத்து, மட்டம் பார்த்து, மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்கலாம். 8 செ.மீ. இருந்தால் வாட்டம் 4 சதவீதம். மண் சாலைக்கு அது வேண்டும். 4 செ.மீ.தான் இருந்தால் 2 சதவீதம். தார்ச் சாலைக்கு அது போதும், மண் சாலையில் தண்ணீர் தேங்கும். சட்டம் நடுவில் தரையைத் தொடாமல் முனையில் தொட்டால் சாலை தொட்டியாகிவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம். 200 மீட்டருக்கு ஒரு முறை இப்படிப் பார்த்து, சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்தும் குழாய்ப் பாலங்களின் இரு வாயையும் குனிந்து பார்த்து, கால்வாயில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று குறித்தால் இரண்டு பேர் ஒரு நாளில் பத்து கிலோமீட்டர் முடித்துவிடலாம். 2019-இல் எடுத்த பழைய பட்டியலை வைத்து வேலை கொடுப்பது வீண். குழாய்ப் பாலத்தின் இருப்பிடம், குழாயின் விட்டம் ஆகிய இரண்டைத் தவிர அதில் வேறு எதுவும் இப்போது உண்மையாக இருக்காது.

அடுத்து, எந்தச் சாலையை முதலில் எடுப்பது. மோசமான சாலையிலிருந்து தொடங்குவதுதான் நியாயமாகத் தோன்றும். அழுத்தமும் அங்கிருந்துதான் வரும். ஆனால் அதுவே திட்டத்தைக் கவிழ்க்கும். ஒரு கணக்குப் பார்ப்போம். 5 மீட்டர் அகலச் சாலையில், வடிவம் கெடாமல் இருக்கிறது என்றால், கிரேடர் மேலாக நான்கு ஓட்டம் ஓட்டினால் போதும். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரமும் சேர்த்து, நாளைக்கு ஐந்து கிலோமீட்டர் முடியும். வடிவம் போன சாலையில் ஓரத்தை வெட்ட வேண்டும், புல்லை எடுக்க வேண்டும், கீழிருந்து கிளறிப் பரப்பி உருட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கிலோமீட்டர் தேறினால் நல்ல வேலை. 100 கிலோமீட்டர் பொறுப்பில், 60 இன்னும் வடிவத்தோடும் 40 கெட்டும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மோசமானதிலிருந்து தொடங்கினால் மண் ஈரமாக இருக்கும் நாட்கள் எல்லாம் அந்த 40-லேயே போய்விடும். அதற்குள் 60-இல் பாதி வடிவம் இழந்துவிடும். மாறாக 60-ஐ முதலில் எடுத்தால் 12 வேலை நாளில் முடிகிறது, மீதி நாட்கள் அந்த 40-க்கு. கெட்ட சாலைக்காரர்களுக்கு உடனே ஒன்றும் செய்யாமல் விடவும் முடியாது. அங்கே தண்ணீரைத் திறந்துவிடும் வேலையை மட்டும் ஆட்களை வைத்து உடனே செய்யலாம்: ஓர வரப்பை 20 மீட்டருக்கு ஓர் இடத்தில் மண்வெட்டியால் வெட்டிவிடுவது, அடைத்த குழாயை எடுப்பது, வண்டி சிக்கும் இரண்டு மூன்று இடங்களில் பெருங்கல் பரப்புவது. ஆம்புலன்சும் பள்ளிப் பேருந்தும் போகும் அளவுக்கு அது போதும். இந்தக் காரணத்தைக் கிராமக் கூட்டத்தில் முதலிலேயே, தேதியோடு சொல்லிவிட வேண்டும்.

கிரேடரை வெளியே எடுக்கும் முன் அதையும் கவனிக்க வேண்டும். மாதக்கணக்கில் நின்ற இயந்திரத்தைச் சாவி போட்டு ஓட்டிய முதல் வாரத்தில் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். டீசல் டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கும். வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை விட்டு, டீசல் ஃபில்டரை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். எலி ஒயரைக் கடித்திருக்கும், காற்று ஃபில்டருக்குள் கூடு கட்டியிருக்கும். ஹைட்ராலிக் சிலிண்டரின் தண்டு வெளியே நீண்டபடி வெயிலில் நின்றிருந்தால் துருப்புள்ளி வந்திருக்கும். அதோடு இயக்கினால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தை அந்தப் புள்ளியே கிழித்துவிடும். டயரில் காற்று இரு பக்கமும் சமமாக இல்லையென்றால் பிளேடு சாய்ந்து வெட்டும், ஓட்டுநர் எவ்வளவு கைகாரராக இருந்தாலும் வாட்டம் வராது. பிளேடின் அடியில் போல்ட் போட்டு மாட்டும் வெட்டுத் தகடுகளில் ஒரு முழு செட்டும், போல்ட் நட்டும், எல்லா ஃபில்டர்களிலும் இரண்டு செட்டும், ஹைட்ராலிக் ஹோஸும் கிடங்கில் எப்போதும் இருக்க வேண்டும். தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தவர்களைத்தான் பெருந்தொற்றுக் காலம் அதிகம் படுத்தியது. தகடு தேய்ந்து முடிவதற்குள் மாற்ற வேண்டும். விட்டால் அது மாட்டியிருக்கும் பிளேடே தேயும், அந்தச் செலவு பல மடங்கு. தகடு பெரும்பாலும் நடுவில்தான் அதிகம் தேயும். அப்படித் தேய்ந்த தகடு சாலையை வில் போல வளைத்துவிடும். நடு தட்டையாகவும் ஓரம் செங்குத்தாகவும் வரும். சாலையின் உருவத்தைப் பார்த்தே தகட்டின் தேய்மானத்தைச் சொல்லிவிடலாம்.

இனி தண்ணீருக்கு வருவோம். பக்கக் கால்வாயின் அடி, சாலை விளிம்பிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். கிரேடரால் வெட்டினால் கூர்மையான 'வி' வடிவம் கிடைக்கும். ஆட்களை வைத்து வெட்டினால் அடி தட்டையாக வெட்டுவது நல்லது, அரிப்பு குறையும், தூர் வாரவும் எளிது. கால்வாய்த் தண்ணீரைக் கிலோமீட்டர் கணக்கில் கூட்டிக்கொண்டு போவது பெரிய தவறு. சாலையிலிருந்து சாய்வாக வயல் பக்கமோ தரிசுப் பக்கமோ பிரித்துவிடும் கிளைக் கால்வாய்கள் நிறைய வேண்டும். தட்டையான நிலத்தில் 100 மீட்டருக்கு ஒன்று, இறக்கத்தில் 40 மீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கிளையின் அடி பக்கக் கால்வாயின் அடியைவிட மேடாக இருந்தால் தண்ணீர் அதைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடும். பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே கால்வாயில் ஒரு தடுப்பு வைத்துத் திருப்ப வேண்டும். தண்ணீர் இறங்கும் நிலத்துக்காரரிடம் முன்பே பேசிவிடுவது முக்கியம். சொல்லாமல் வெட்டிய கிளை, மறுநாள் காலையில் மண் போட்டு மூடியிருக்கும்.

இறக்கம் 5 சதவீதத்தைத் தாண்டினால் கால்வாயே அரித்து ஆழமாகிச் சாலையின் ஓரத்தைத் தின்னத் தொடங்கும். அங்கே குறுக்கே கல்லாலோ மரக்குச்சியாலோ படித்தடுப்பு வைக்க வேண்டும்: 5 சதவீதத்தில் 20 மீட்டருக்கு ஒன்று, 10 சதவீதத்தில் 6 மீட்டருக்கு ஒன்று. தடுப்பின் நடு தாழ்ந்தும் இரு முனை உயர்ந்தும் இருக்க வேண்டும். சமமாகக் கட்டினால் தண்ணீர் முனையைச் சுற்றிக்கொண்டு போய்ப் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டிவிடும். தண்ணீர் விழும் பக்கம் கல் பரப்பு இல்லாவிட்டால் தடுப்பின் கீழே குழி விழுந்து அதுவே சரியும்.

குழாய்ப் பாலங்களில் அடைப்பு எடுப்பதை வெளியேறும் வாயிலிருந்து தொடங்க வேண்டும். உள்ளே வரும் பக்கத்தை முதலில் திறந்தால் தேங்கிய தண்ணீர் வேகமாக வந்து, அடைத்திருக்கும் மண்ணை நடுக்குழாய்க்குத் தள்ளி இறுக்கிவிடும். ஆள் நிற்கிற இடமும் ஆபத்து. குழாய் மாற்ற வேண்டி வந்தால் 60 செ.மீ. விட்டத்துக்குக் குறைந்து போடாமல் இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் மண்வெட்டி உள்ளே போகாது, ஆகவே யாரும் தூர் வார மாட்டார்கள். இரு பக்கமும் 15 செ.மீ. அடுக்காக, மாற்றி மாற்றி மண் போட்டுக் குத்த வேண்டும். ஒரு பக்கம் முழுதாக நிரப்பிவிட்டு மறுபக்கம் வந்தால் குழாய் நகர்ந்து, இணைப்பு திறந்து, அந்த இடைவெளி வழியாகச் சாலையின் மண் கீழே ஒழுகும். சாலையின் நடுவில் காரணமே தெரியாமல் உருண்டையாக ஒரு குழி விழுகிறதென்றால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். குழாயின் மேல் 30 செ.மீ. மண்ணாவது இருக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கிரேடர். அதுவும் மண் ஈரமாக இருக்கும் நாளில். காய்ந்த சாலையில் கிரேடர் ஓட்டினால் மேலே ஒரு மாவுப் படலம் கிடைக்கும், இரண்டு நாளில் அது காற்றில் போய்விடும். ஓர வரப்பில் வேரோடிய புல்லை நேராகச் சாலைக்கு இழுத்துப் போடக்கூடாது. புல்கட்டி சரளையோடு கலந்தால் அது மட்கி, அந்த இடம் பஞ்சு போல ஆகிவிடும். வரப்பை வெட்டி, புல்லைத் தனியே சரிவின் வெளிப்பக்கம் ஒதுக்கி, அடியில் கிடக்கும் சரளையை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். இந்தச் சரளை வேறு எங்கும் போகவில்லை, நம்முடைய பழைய சரளைதான். நான்கைந்து ஆண்டு கவனிப்பில்லாத சாலையில் இப்படி மீளும் அளவைப் பார்த்தால் புதிதாக எவ்வளவு வாங்க வேண்டும் என்ற கணக்கே மாறிவிடும். புது லோடுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இதைச் செய்யச் சொல்வது அதனால்தான்.

பிளேடை ஓட்டத் திசைக்கு 30 முதல் 45 டிகிரி கோணத்தில் திருப்பி, கிட்டத்தட்ட நிமிர்த்தி வைத்தால் மண் பிளேடின் முன் சுருண்டு உருண்டு போகும். உருளும்போதுதான் பெரிய கல்லும் நுண்மண்ணும் கலக்கும். மேல்முனை பின்னால் சாய்ந்திருந்தால் பிளேடு வெட்டும், கலக்காது. வேகம் மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் இயந்திரம் துள்ளும், துள்ளலை அப்படியே சாலையில் அச்சடித்துவிட்டுப் போகும். "நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்" என்று மட்டும் கேட்கும் மேலதிகாரிக்கு இப்படித்தான் பதில் கிடைக்கும். வாட்டத்தை 4-லிருந்து 6 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும். கூட்டினால் தண்ணீர் இன்னும் வேகமாக இறங்குமே என்று கூட்டுபவர்கள் உண்டு. சாய்வு அதிகமானால் ஓட்டுநர்கள் எல்லாரும் பயந்து நடுவிலேயே போவார்கள், நடுவில் இரண்டு தடம் விழும், அந்தத் தடத்தில் தண்ணீர் ஓடும். வளைவில் நடுமேடு கூடாது. வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கு ஒரே சாய்வு. நேர்ச்சாலையிலிருந்து வளைவுக்கு மாறும் இடத்தைச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். பாலத்தை நெருங்கும்போதும் அப்படித்தான்.

துணி துவைக்கும் பலகை போல வரிவரியாக அலை எழும்புகிறதே, அது தனிக் கதை. மழை இல்லாத காலத்தில், நுண்மண் தூசியாகப் பறந்து, ஒட்டும் சத்து இல்லாமல் கல் மட்டும் தளர்ந்து கிடக்கும் இடத்தில் அது வரும். முக்கியமாக வண்டி பிரேக் போடும், வேகமெடுக்கும் இடங்களில். 1963-இல் கீத் மேதர் என்ற ஆய்வாளர் ஒரு சக்கரத்தை வட்டமான மணல் தடத்தில் திரும்பத் திரும்ப உருட்டி, ஒரு வேகத்தைத் தாண்டினால் தானாகவே வரி எழும்புவதைக் காட்டினார். சக்கரம் ஒரு சின்ன மேட்டில் துள்ளி, விழும் இடத்தில் குழித்து, அடுத்த மேட்டை அதுவே கட்டுகிறது. இதை மேலாக நிரவிப் பயனில்லை. வரியின் பள்ளத்துக்கும் கீழே வரை, சில நேரம் 5 செ.மீ.க்கு மேல் கூட, வெட்டிக் கிளறி, ஈரத்தோடு கலந்து, மறுபடி பரப்பி உருட்ட வேண்டும். பள்ளத்தை மட்டும் தளர் மண்ணால் நிரப்பினால் அடியில் பழைய அலை அப்படியே இருக்கும், மேலே வரும் சக்கரம் ஒரே வாரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடும். குழிகளுக்கும் இதே விதிதான்.

கடைசியாகச் சரளை. கட்டட வேலைக்கோ தார்ச் சாலையின் அடித்தளத்துக்கோ வாங்கும் ஜல்லியை மண் சாலையின் மேல் போட்டால் நிற்காது. அடித்தளப் பொருளில் தண்ணீர் வடிவதற்காக நுண்மண்ணைக் குறைத்திருப்பார்கள். மேற்பரப்புக்கு நேர்மாறாக, கல்லைப் பிடித்து நிறுத்தக் களித்தன்மையுள்ள நுண்மண் வேண்டும். பெரிய கல் 20 முதல் 25 மி.மீ.க்கு மேல் போகாமல், 0.075 மி.மீ. சல்லடையில் இறங்கும் நுண்மண் 8 முதல் 15 சதவீதம் இருந்தால் நல்ல பொருள். ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் குவாரியிலேயே ஒரு பிடி பார்க்கலாம். கல்லைப் பொறுக்கிவிட்டு நுண்மண்ணை மட்டும் நனைத்து உருண்டை பிடித்து வெயிலில் காய வைத்து, விரலால் நசுக்க வேண்டும். தொட்டதும் பொடியானால் களி இல்லை, அது வரி விழும் பொருள். சுத்தியல் கேட்கும் அளவு கெட்டியானால் களி அதிகம், மழையில் வழுக்கும். கொஞ்சம் அழுத்தி உடைத்தால் உடைவது தேவலை.

அளவைப் பார்ப்போம். 1 கிலோமீட்டர், 5 மீட்டர் அகலம், உருட்டிய பின் 10 செ.மீ. கனம் என்றால் 500 கன மீட்டர். உருட்டும்போது அமுங்குவதால் கால் பங்கு சேர்த்துத் தளர்நிலையில் 625 கன மீட்டர் வாங்க வேண்டும். 6 கன மீட்டர் டிப்பரில் அது 104 நடை, அதாவது ஏறத்தாழ 9.6 மீட்டருக்கு ஒரு குவியல். தொடங்கும் முன் சாலையோரம் சுண்ணாம்பால் இந்த இடைவெளியைக் குறித்துவிட்டால் லோடு எண்ணுவதற்கு வேறு ஆள் வேண்டாம். குறி இருந்து குவியல் இல்லாத இடம் கண்ணில் படும். உருட்டிய 500 கன மீட்டர் சுமார் 1000 டன். ஈரம் 4 சதவீதம் இருக்கிறது, 8 வேண்டும் என்றால் 40 டன் தண்ணீர். 10,000 லிட்டர் டேங்கர் நான்கு முறை வர வேண்டும். ஒரு டேங்கர் தெளித்துவிட்டுத் தூசி அடங்கியதும் போதும் என்று நிறுத்துவதுதான் வழக்கமான குறை. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வடியக்கூடாது. 8 முதல் 10 டன் ரோலர், ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கி வர வேண்டும். நடுவில் தொடங்கினால் பொருள் ஓரத்துக்கு நழுவி, போட்ட வாட்டம் தட்டையாகும்.

ஒப்பந்தத்தில் லோடுக்குப் பணம் என்று எழுதுவதை விட்டுவிட வேண்டும். இடைவெளிக்குப் பின் பொருளும் டீசலும் விலை ஏறியிருக்கும்போது பழைய விலையில் டெண்டர் எடுத்தவர் எங்கேயாவது குறைத்துத்தான் தீர்வார். குறைப்பதற்கு எளிய இடம் டிப்பரின் தொட்டி. உருட்டி முடித்த கனத்துக்குப் பணம் என்று வைத்து, 100 மீட்டருக்கு ஒரு சிறு குழி, ஒரு முறை இடம், ஒரு முறை நடு, ஒரு முறை வலம் என்று மாற்றித் தோண்டி அளந்தால் இரு தரப்புக்கும் வாதம் இல்லை. டீசல் விலை இவ்வளவு நகர்ந்தால் இவ்வளவு கூடும், குறையும் என்ற விதியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது, பாதி வேலையில் ஓடிப்போகும் ஒப்பந்ததாரரைத் தேடுவதைவிட மலிவு.

ஆள் பற்றாக்குறைதான் எங்களுக்குத் தெரிந்து மிகக் கடினமான பகுதி. நல்ல கிரேடர் ஓட்டுநர் உருவாக ஆண்டுகள் ஆகும். பெருந்தொற்றின்போது அந்த வேலையை விட்டுப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. புதிதாக வருபவரை நேராக ஓர வெட்டுக்கு விடாமல், முதல் பருவம் முழுவதும் வடிவம் கெடாத சாலைகளில் மேல் ஓட்டத்துக்கு மட்டும் வைப்பது நல்லது. கிரேடர் இல்லாத நாட்களில் இழுவைக் கட்டையும் கை கொடுக்கும். அமெரிக்காவின் மிசௌரியில் டி. வார்ட் கிங் என்ற விவசாயி 1890-களில், பிளந்த மரக்கட்டை இரண்டை இணைத்து, மழை விட்டதும் குதிரையால் இழுத்தே தன் மண் சாலையைச் சரியாக வைத்திருந்தார். இன்று பழைய தண்டவாளத் துண்டையோ கனரக டயர்களையோ டிராக்டரில் கட்டி அதே வேலையைச் செய்யலாம். வடிவம் கெட்ட சாலையை அது மீட்காது. நல்ல சாலையைக் கிரேடர் வரும்வரை தாங்கும்.

கிலோமீட்டருக்கு ஒருவர் என்று சாலையோரத்தில் வசிப்பவர்களையே அமர்த்தும் முறை இன்னும் பயனுள்ளது. கொலம்பியாவிலும் பெருவிலும் உள்ளூர்க்காரர்களின் சிறு குழுக்களுக்குக் கிராமச் சாலைப் பராமரிப்பை ஆண்டு ஒப்பந்தமாகக் கொடுத்து வேலை வாங்கினார்கள். மண்வெட்டி, கடப்பாரை, கைவண்டி, மண் குத்தும் கட்டை, அரிவாள், இவ்வளவுதான் கருவி. குழாயைத் திறந்து வைப்பது, ஓர வரப்பை வெட்டிவிடுவது, குழி சிறிதாக இருக்கும்போதே செதுக்கி, நனைத்து, நிரப்பிக் குத்துவது அவர்கள் பொறுப்பு. மற்றுமொரு தொற்றோ முடக்கமோ வந்தாலும் இந்த வேலை நிற்காது. ஆள் வீட்டு வாசலிலேயே இருக்கிறார், தனியாகவும் வேலை செய்கிறார். ஒரே லாரியில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு போகும் கேங் முறைதான் அன்று முதலில் முடங்கியது. இயந்திரக் குழுவையும் இரண்டாகப் பிரித்து, ஒரு குழு மற்றதன் கிடங்குக்குப் போகாமல் வைத்திருந்தால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லா வேலையும் நிற்காது.

பணத்தைப் பொறுத்தவரை எங்கள் கருத்து வெளிப்படையானது. வந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் அடுத்த ஆண்டின் கால்வாய், குழாய், மேல் ஓட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் மீட்பு வேலையைத் திட்டமிட வேண்டும். அதனால் இந்த ஆண்டு மீளும் சாலையின் நீளம் குறையும், குறையட்டும். முழுத் தொகையையும் சரளையில் போட்டவர்கள் மூன்றாவது ஆண்டில் அதே கிலோமீட்டருக்கு மறுபடி நிதி கேட்டு நிற்கிறார்கள்.

பயன்படுத்துபவர்களுக்கும் ஒன்று. மண் சாலை கொழகொழவென்று ஈரமாக இருக்கும் ஒரு நாளில் ஒரு மணல் லாரி போடும் தடத்தை, காய்ந்த காலத்தில் நூறு லாரி போடாது. பெருமழைக்குப் பின் ஓரிரு நாள் கனரக வண்டிகளை நிறுத்தும் தடுப்புக் கம்பும், அதை இறக்கும் அதிகாரமும் கிராமத்தில் ஒருவரிடம் இருக்க வேண்டும்.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். சாலைப் பணி முடிந்த அன்று படம் எடுக்க வரும் செய்தியாளர்கள், அதன்பின் வரும் முதல் பெருமழைக்கு மறுநாள் அதே இடத்துக்கு ஒரு டேப்போடு வந்து, நடுமேடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, கால்வாயில் எவ்வளவு சரளை கிடக்கிறது என்று அளந்து அந்தப் படத்தையும் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கிராம மண் சாலைப் பராமரிப்புப் பணியாளர்கள்